தகடு சுழல, கணவாய் துள்ள

வன்கூவரில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது தன் தகப்பனுக்கென்று, அதாவது என் மாமாவுக்கென்று, ஒரு தூண்டில் சாமான் கொண்டு வந்தான். பச்சையும் வெள்ளியுமாக மின்னும் பிளாஸ்டிக் தகடு, நீளம் 28 சென்ரிமீற்றர், இரண்டு முனையும் எதிரெதிர்ப் பக்கமாக வளைந்திருந்தன. கூடவே உள்ளங்கைக்குள் அடங்கும் றப்பர்க் கணவாய் ஒன்று. கனடாவின் மேற்குக் கரையில் சல்மன் பிடிப்பவர்கள் படகின் பின்னால் இழுப்பது இதைத்தானாம். தகட்டுக்குப் பெயர் பிளாஷர். (நம் கடைகளில் ‘சமன் டின்’ என்று வாங்குகிறோமே, அதற்குள் இருப்பது பெரும்பாலும் கும்பளாவின் உறவுக்காரன். அசல் சல்மன் வட பசிபிக்கிலும் அத்திலாந்திக்கிலும் வாழும் குளிர்நீர் மீன்.)

மாமா வாழைச்சேனையில் பைபர் போட் வைத்திருக்கிறார். ஆண்டின் நடுவில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும் மாதங்களில், ஓடும் போட்டின் பின்னால் தூண்டில் இழுத்து அறுக்குளாவும் சூரையும் பிடிப்பார். மகன் கொண்டு வந்ததை அடுத்த நாள் விடியவே கட்டி இறக்கினோம். பத்து நிமிடம் போயிருக்காது, தங்கூசி முழுவதும் முறுக்கேறிச் சுருண்டு இடியப்பச் சிக்கலாக வந்தது.

“மருமகன், இது மீன் பிடிக்கிற சாமானா, கயிறு திரிக்கிற சாமானா?” என்றார் மாமா.

நியாயமான கேள்விதான். தகடு கயிறு திரிக்கத்தான் செய்தது. ஏன் என்று விளங்கிக்கொள்ள, அது தன் சொந்தக் கடலில் என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும்.

சல்மன் படகுகள் மெதுவாக ஊர்பவை. மணிக்கு 2 முதல் 3 கடல்மைல் வேகம், கரையில் கைவீசி நடப்பவரின் வேகம் என்று சொல்லலாம். அந்த வேகத்தில் தகட்டின் முன்வளைவை நீர் ஒரு பக்கம் தள்ளும், பின்வளைவை மறுபக்கம் தள்ளும். தகடு புரண்டு, அகலமான வட்டம் போட்டபடி முன்னேறும். ஒவ்வொரு புரளலிலும் சூரிய ஒளி ஒரு தடவை பளிச்சிடும். கீரியும் நெத்தலியும் துரத்தப்படும்போது கூட்டம் ஒரே கணத்தில் திரும்பி வெள்ளியாக மின்னுமே, அந்த மினுக்கம்தான் இது. மீனின் செதிலிலும் தோலிலும் உள்ள குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் கண்ணாடி போல ஒளியைத் திருப்புவதால் வருவது. பெரிய மீனுக்கு அது பந்தி நடக்கும் வீட்டு வெளிச்சம்.

ஆனால் தகட்டில் கொக்கி கிடையாது. கொக்கி இருப்பது பின்னால் வரும் றப்பர்க் கணவாயில். அந்தக் கணவாய்க்குச் சுயமான ஆட்டம் எதுவும் இல்லை, தனியே இழுத்தால் செத்த துணி மாதிரி நேராக வரும். உண்மையான கணவாயோ நீரைப் பீய்ச்சி, வெட்டி வெட்டி நீந்துவது. அந்த வெட்டைப் பொய்க் கணவாய்க்குக் கொடுப்பது தகடு. தகடுதான் என்ஜின். இரண்டுக்கும் இடையிலுள்ள தங்கூசித் துண்டு அந்த என்ஜினின் தண்டு.

சூட்சுமம் முழுவதும் அந்தத் துண்டின் நீளத்தில் இருக்கிறது. படகு 2.5 கடல்மைல் வேகத்தில் போனால் நொடிக்கு ஏறக்குறைய 1.3 மீற்றர் நகரும். தகடு நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்று முடிய 1.3 மீற்றர் கடந்திருக்கும். தங்கூசி அதைவிடக் குட்டையாக இருந்தால், தகட்டின் வால் பக்கவாட்டில் வீசும் ஒவ்வொரு வீச்சும் கணவாயைச் சுண்டி இழுக்கும். நீளமாக இருந்தால் நீரின் உராய்வு அந்த வீச்சை வழியிலேயே தின்றுவிடும். மணலில் கிடக்கும் கயிற்றின் ஒரு முனையை ஆட்டிப் பாருங்கள். இரண்டு முழக் கயிறு என்றால் மறுமுனை துள்ளும், பத்து முழம் என்றால் மறுமுனைக்குச் செய்தியே போய்ச் சேராது.

ஆகவே றப்பர்க் கணவாய்க்கு 60 முதல் 110 சென்ரிமீற்றர் வரை விடுகிறார்கள், தகட்டின் நீளத்தைப் போல மூன்று மடங்கு என்பது ஒரு கைக்கணக்கு. றப்பர்க் கணவாய்க்குப் பதில் தாமாகவே நெளியும் கரண்டி வடிவ இரைகளைக் கட்டினால் இன்னும் நீளம் விடலாம். உண்மையான நெத்தலியைக் கோத்தால் இரண்டு மீற்றருக்குக் கிட்டவும் போவார்கள், அதற்கு உதை தேவையில்லை. தங்கூசியின் தடிப்பும் முக்கியம். மெல்லியது மடங்கி உதையை விழுங்கிவிடும், விறைப்பான தடித்தது அப்படியே கடத்தும். மீன் கண்ணுக்குப் படாமல் இருக்க மெல்லிய நூல் நல்லது என்ற நம் வழக்கமான புத்தி இங்கே எடுபடாது.

இனி எங்கள் பிழைக்கு வருவோம். மாமா அறுக்குளாவுக்கு ஓட்டுவது 6 கடல்மைல் வேகத்தில். நீரின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது, ஆக 2.5 ஐ 6 ஆக்கினால் ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்த இழுவையில் தகடு தன் அகல வட்டத்தை விட்டு, துளைபோடும் இயந்திரம் மாதிரி விசுக்கென்று சுழலத் தொடங்கியது. முறுக்கு நூலுக்கு ஏறாமல் தடுக்க நடுவில் சுவிவல் என்ற சுழல் இணைப்பு இருந்தது உண்மை. ஆனால் நாங்கள் போட்டது உள்ளே உருளும் குண்டுமணி இல்லாத மலிவான பித்தளைச் சுவிவல். பாரம் ஏறினால் அதன் உள்ளுராய்வும் ஏறி இறுகிவிடும். உள்ளே குண்டுமணி போட்ட சுவிவல்தான் இழுவையிலும் சுழலும்.

அறுக்குளாவுக்கு மாமா வழக்கமாகக் கட்டுவது முன்னால் சொண்டு வைத்த மீன் வடிவப் பொய் இரை. ஊரில் எந்தக் கொம்பனி செய்ததானாலும் அது ரப்பாலாதான். பின்லாந்து மீனவர் லௌரி ரப்பாலா 1936 இல் தக்கையைச் செதுக்கிச் செய்த இரையிலிருந்து வந்த பெயர். அதற்குத் தகடு வேண்டாம், என்ஜின் அதன் சொண்டிலேயே இருக்கிறது. சாய்ந்த சொண்டை நீர் அழுத்துவதால் இரை கீழே இறங்கும். சொண்டின் இரு ஓரங்களிலும் சுழிகள் இடம், வலம் என மாறி மாறிக் கழலும், இரை வாலாட்டும். கல்லடிப் பாலத்தில் நின்று, நீரோட்டம் பலமான நேரம் தூணின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதே சுழி வரிசை தெரியும். தியோடர் வொன் கார்மன் என்ற விஞ்ஞானி 1911 இல் இதைக் கணக்கில் பிடித்தார். நொடிக்கு 3 மீற்றர் ஓடும் நீரில் 2 சென்ரிமீற்றர் தடிப்பான கம்பு நொடிக்குச் சுமார் 30 சோடிச் சுழிகளை உதிர்க்கும், வேகம் பாதியானால் 15. ரப்பாலா அச்சொட்டாக இந்தக் கணக்குக்குள் நிற்காது என்றாலும், வேகம் ஏறினால் துடிப்பும் ஏறும் என்பது அதற்கும் பொருந்தும்.

அந்தத் துடிப்பைக் கேட்கும் காது மீனின் விலாவில் இருக்கிறது. சந்தையில் ஒரு பாரையைப் புரட்டிப் பார்த்தால், செவுளுக்குப் பின்னால் வளைந்து ஏறி, பிறகு வால்வரை நேராக ஓடும் கோடு தெரியும். அதுதான் பக்கக்கோடு. அதன் நெடுகிலும் நுண்மயிர் உணர்கலங்கள் உண்டு, நீர் அசைந்தால் மயிர் சாயும், நரம்பு அறியும். நொடிக்கு ஒரு சிலவற்றிலிருந்து ஏறக்குறைய 200 வரையான துடிப்புகள் அதன் எல்லைக்குள் வருபவை. ஆனால் எட்டம் குறைவு, மீனின் உடல்நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்குதான். தூரத்து மீனைக் கூப்பிடுவது மினுக்கம், கிட்ட வந்ததைக் கடிக்கத் தூண்டுவதில் துடிப்புக்குப் பெரிய பங்கு.

மாமா ஒரு இரையையும் நேரே கடலில் விடுவதில்லை. முதலில் போட்டின் ஓரமாக ஒரு பாகம் (இரு கை விரித்த அளவு) தூரத்தில் இழுத்துப் பார்ப்பார். இடப்பக்கம் இழுபட்டால் மூக்கு வளையத்தைக் குறட்டால் மயிரிழை வலப்பக்கம் வளைப்பார். அறுக்குளாவின் பல் தங்கூசியைக் கத்தரித்துவிடும் என்பதால் ஒரு சாண் இரும்புக் கம்பி போடவேண்டும். அந்தக் கம்பியை மூக்கில் இறுக்கி முறுக்கினால் வாலாட்டம் செத்துப்போகும். கம்பி நுனியில் தளர்வான கண்ணி ஒன்று விட்டு மாட்டுவார்.

அந்தத் தகட்டை இங்கே பயன்படுத்தவே முடியாதா என்று மச்சானிடம் கேட்டேன். போட்டை நடை வேகத்துக்குக் குறைத்தால் தகடு ஒழுங்காகச் சுற்றும், ஆனால் பாய்ந்து ஓடும் இரையைத் துரத்துகிற அறுக்குளா அதைத் திரும்பிப் பார்க்குமோ தெரியாது என்றான். மாமா பரிசோதனைக்கு எண்ணெய் செலவழிக்கத் தயாரில்லை.

தகடு இப்போது வளவுப் பப்பாளியில் தொங்குகிறது, காகம் விரட்ட. காற்று மெல்ல வரும்போது பக்கவாட்டில் ஆடும். கச்சான் காற்று பலமாக வீசத் தொடங்கினால் புரண்டு சுழலும். நூல் முறுக்கேறாமல் இருக்க, மாமா அதற்கு மட்டும் குண்டுமணிச் சுவிவல் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறார்.