எண்ணெய்க் கறையும் எரியும் மாஸ்கோவும்

"பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஏன் கண்ணாடி போல ஆகிறது? காகிதம் அங்கே மெலிந்துவிடுகிறதா?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருந்தார். மெலிவதில்லை. விடையைச் சொல்ல எனக்குக் கார்ல் பிரீட்ரிக் ஷிங்கெல் என்ற ஜெர்மானிய ஓவியரின் துணை வேண்டும்.

ஷிங்கெலைக் கட்டடக் கலைஞராகத்தான் இன்று பலரும் அறிவார்கள். பெர்லினின் பழைய அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் அவர். ஆனால் அவருடைய இளமைக்காலம் தூரிகையோடுதான் கழிந்தது. 1781இல் நொய்ருப்பின் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆறு வயதில் ஊரே தீக்கிரையானது. அந்தத் தீயோடு போராடி நோய்ப்பட்ட தந்தை இறந்துபோனார். பெர்லினில் கட்டடக் கலை படித்தார், 1803 முதல் 1805 வரை இத்தாலியைச் சுற்றினார், மலையும் கடலுமாக வரைந்து குவித்தார். 1806இல் நெப்போலியனின் படை பெர்லினைப் பிடித்தது. கட்டட வேலைகள் நின்றன. பிழைப்புக்கு என்ன செய்வது? முகமூடி தயாரித்து விற்றுவந்த வில்ஹெல்ம் கிரோப்பியஸ் என்பவரோடு சேர்ந்து, காசு கொடுத்துப் பார்க்கும் காட்சி ஓவியங்களைத் தீட்டத் தொடங்கினார்.

இருட்டு அறை, இசை, ஓவியத்துக்கு மேல் கவனமாக விழும் விளக்கொளி. 1808இல் இத்தாலியின் பலெர்மோ நகரை அகன்ற காட்சியாக விரித்தார். 1812 செப்டம்பரில் மாஸ்கோ எரிந்தது. சில மாதங்களுக்குள் பெர்லின் மக்கள் அந்தத் தீயை ஷிங்கெலின் ஓவியத்தில் பார்த்தார்கள். ஆறு வயதில் தன் ஊர் எரிவதைக் கண்டவர் அவர் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இத்தகைய காட்சிகளுக்கு உயிர் கொடுத்தது ஊடொளி ஓவியம் என்ற கலை. மெல்லிய துணியிலோ காகிதத்திலோ எண்ணெய் அல்லது வார்னிஷ் ஏற்றி, வண்ணம் தீட்டி, பின்னால் விளக்கு வைப்பார்கள். மாணவியின் பஜ்ஜிக் காகிதம் இங்கேதான் வருகிறது.

காகிதம் என்பது பின்னிக்கிடக்கும் செல்லுலோஸ் இழைகள். இழையைத் தனியே எடுத்தால் அது தெளிவானதுதான். காகிதத்தை வெள்ளையாக்குவது இழைகளுக்கு இடையில் இருக்கும் காற்று. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகச் செல்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். இந்த எண் வேறுபடும் எல்லையில் ஒளியின் ஒரு பகுதி திரும்பிவிடும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. செல்லுலோஸுக்கு ஏறத்தாழ 1.5. காற்றிலிருந்து இழைக்குள் நேராக நுழையும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு திரும்பிவிடுகிறது, வெளியேறும்போதும் அப்படியே. ஒரே தாளின் கனத்துக்குள் இப்படிப் பல எல்லைகள். கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, திசை கலைந்து, பெரும்பகுதி ஒளி வந்த வழியே வெளியேறிவிடுகிறது. கற்கண்டு தெளிவாக இருக்க, பொடித்தால் அது வெள்ளையாவதும் இதனால்தான்.

இப்போது எண்ணெய் வருகிறது. காற்றைத் துரத்திவிட்டு இழைகளின் இடுக்கெல்லாம் நிரம்புகிறது. ஓவியர்கள் பயன்படுத்தும் ஆளிவிதை எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.48. இழைக்கும் எண்ணெய்க்கும் வேறுபாடு அநேகமாக இல்லை. ஒவ்வோர் எல்லையிலும் திரும்பும் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! எல்லைகள் அங்கேயே இருக்கின்றன, ஒளிக்கு மட்டும் அவை தெரிவதில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கறையை மேசைமேல் வைத்தால் கறுத்துத் தெரியும், ஏனென்றால் விழுந்த ஒளி திரும்பாமல் ஊடுருவிப் போய்விட்டது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் அதே கறை ஒளிரும். ஒரே தாள், விளக்கின் இடத்தைப் பொறுத்து இரண்டு முகம்.

இந்த இரண்டு முகத்தையும் முழுதாகப் பயன்படுத்திய ஓவியம் ஒன்று ஜெர்மனியின் காஸல் நகரில் இருக்கிறது. ஷிங்கெலின் சமகாலத்தவரான காஸ்பர் டேவிட் பிரீட்ரிக் 1830களில் ஒளிபுகும் தாளின் இரு பக்கங்களிலும் தீட்டிய மலை ஆற்றுக் காட்சி அது. முன்னாலிருந்து ஒளி விழுந்தால் காலை. பின்னாலிருந்து விழுந்தால் அதே ஆற்றில் நிலவு. பின்பக்கத்து வண்ணம் ஒளியை மறிக்கும் இடமெல்லாம் இரவாகிறது, மறிக்காத இடம் நிலவாகிறது. தாள் மிகத் தெளிவாக இருந்தால் பகல் கெடும், மிக வெள்ளையாக இருந்தால் நிலவு எழாது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அதைக் கையால் கண்டுபிடித்தார்கள்.

ஷிங்கெலின் காட்சிகளைப் பார்த்த அரச குடும்பம் அவரை விடவில்லை. 1810இல் கட்டடத் துறையில் அரசுப் பதவி கிடைத்தது. 1816இல் மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' இசை நாடகத்துக்கு அவர் அமைத்த மேடையில், வரிசை வரிசையாக விண்மீன்கள் பதித்த நீலக் குவிமாடத்தின் கீழ், பிறைநிலவின் மேல் இரவின் அரசி நின்றாள். 1841இல் இறக்கும்வரை பிரஷ்ய அரசின் கட்டடக் கலைஞராகவே இருந்தார்.

கறையின் கதை அதோடு நிற்கவில்லை. 1911இல் வெர்னர் ஷ்பால்டெஹோல்ட்ஸ் என்ற உடற்கூற்றியல் அறிஞர், உடல் உறுப்புகளையே பொருத்தமான எண்ணெய்களில் ஊறவைத்து ஒளிபுகச் செய்தார். 2024இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் தின்பண்டங்களில் சேர்க்கும் மஞ்சள் சாயமான டார்ட்ராசினை உயிருள்ள எலியின் தோலில் தடவி, உள்ளுறுப்புகளைப் பார்த்தார்கள். வேலை செய்தது அதே ஒளிவிலகல் எண் பொருத்தம்தான். 'இதனால் என்ன பயன்' என்ற ஒரே கேள்வியால் அடிப்படை ஆய்வுகளின் நிதிக்கோப்புகளை மூடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பயன் எந்த நூற்றாண்டில் வரும் என்று கோப்பில் எழுத முடியாது.

மாணவிக்கு ஒரு வேலை தருகிறேன். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, இருட்டறையில் இரண்டு விளக்குகளுக்கு நடுவே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு விளக்கை நெருங்கினால் கறை கறுக்கும், மற்றதை நெருங்கினால் ஒளிரும். நடுவில் ஓரிடத்தில் கறை கண்ணிலிருந்தே மறைந்துபோகும். இரண்டு பக்கமும் ஒளி சமமாக விழும் இடம் அது. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் விளக்குக்குப் பெயர் தந்த புன்சன், விளக்குகளின் ஒளியை ஒப்பிட்டு அளந்தது இந்தக் கறையை வைத்துத்தான்.