காசு கட்டிய பிறகு வராதீர்கள்

கடந்த சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். பற்றுச்சீட்டை மேசையில் வைத்துவிட்டுத்தான் அவர் உட்கார்ந்தார். முதல் தவணைப் பணம் கட்டியாகிவிட்டது. அதற்காக மனைவியின் இரண்டு காப்பு அடகுக்குப் போயிருக்கிறது.

"பொதுக் கொள்கையில மாஸ்டர்ஸ், மிஸ். முடிச்சா பிள்ளைக்கு நிருவாக சேவை கிடைச்சிடும்தானே?"

இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த ஐந்தாவது குடும்பம் இது. வெள்ளவத்தையில் பதினைந்து வருடமாக உயர்கல்வி ஆலோசனை சொல்கிறேன். வேறு எத்தனையோ தவறான எண்ணங்கள் குறைந்துவிட்டன, இது மட்டும் குறையவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிரதேச செயலாளர் போன்ற அரச நிருவாகப் பதவிகளுக்கான இலங்கை நிருவாக சேவையில் சேர முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட இளமாணிப் பட்டம் போதும். திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும், நேர்முகத்தைத் தாண்ட வேண்டும், வயதெல்லைக்குள் இருக்க வேண்டும். முதுமாணி முடித்தவருக்கென்று தனிக் கதவு கிடையாது. அந்தச் சேவைதான் உங்கள் பிள்ளையின் கனவென்றால், முதுமாணியில் போகும் இரண்டு வருடம் பரீட்சைக்கு மிஞ்சியிருக்கும் காலத்தைத்தான் தின்னும். வர்த்தமானி அறிவித்தலை வாசியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணா சொன்னார், மாமா சொன்னார் என்று தயவுசெய்து காசு கட்டாதீர்கள்.

நிருவாகம் வேறு, கொள்கை வேறு. இதை விளக்க நான் எப்போதும் அஸ்வெசுமவைத்தான் எடுப்பேன். வறிய குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்க 2023இல் தொடங்கிய திட்டம். விண்ணப்பம் வாங்குவது, வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பது, முறைப்பாட்டைப் பதிவது எல்லாம் பிரதேச செயலகத்தின் வேலை. அது நிருவாகம். ஆனால் யார் வறியவர் என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு வகையில் 22 குறிகாட்டிகள் வைத்தார்கள். ஏன் அந்த 22? மின்சாரப் பாவனையை ஏன் பார்க்க வேண்டும்? தகுதியான ஒருவர் விடுபடுவதும் தகுதியில்லாத ஒருவர் உள்ளே வருவதும் இரண்டும் பிழைதான், எந்தப் பிழையை முதலில் குறைப்பது? இந்தக் கேள்விகளுக்குத் தரவும் பொருளியலும் கொண்டு விடை தேடுவதுதான் கொள்கைப் படிப்பு. 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்திவிட்டு, அதே வருடக் கடைசியில் முடிவை மாற்றினார்கள். வயலில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் விவசாயிகள். ஒரு முடிவின் விலையை முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்தவர்கள் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்று இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

தகப்பன் பேசி முடிக்கும்வரை மகள் வாய் திறக்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மட்டக்குளி, மோதரைப் பக்கம் வீட்டுக்கு வீடு போய்த் தகவல் திரட்டுகிறாளாம். பிறகு தானாகவே சொன்னாள்: "ஒரே கூரைக்குக் கீழ மூணு அடுப்பு எரியுது மிஸ். படிவத்துல ஒரு குடும்பம்னுதான் போட இடமிருக்கு. அப்ப மத்த ரெண்டு குடும்பமும் எங்க போகும்?"

எனக்கு மனம் நிறைந்துபோனது. இந்தப் பிள்ளை படிக்க வேண்டிய துறை இதுதான். ஆனால் கட்டிய காசு இதற்கல்ல. பாடத்திட்டத்தைக் கைப்பேசியில் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். தலைமைத்துவம், மனிதவளம், சந்தைப்படுத்தல், தொடர்பாடல். பொருளியல் ஒரு பாடமும் இல்லை, புள்ளிவிபரவியல் இல்லை, கொள்கைப் பகுப்பாய்வு என்று கடைசியில் ஒன்றே ஒன்று. முகாமைத்துவப் படிப்புக்குக் கொள்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"கணக்கு இல்லன்னுதான் மிஸ் இதை எடுத்தேன்" என்றாள். கலைப்பிரிவில், தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைகளின் இந்தப் பயம் எனக்குத் தெரியும். கணக்குப் பட்டதாரி அளவுக்கெல்லாம் தேவையில்லை. ஒரு அட்டவணையை வாசித்து, அது என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது என்று எழுதத் தெரிய வேண்டும். ஆறு மாதம் உட்கார்ந்தால் வரும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கக் குறிப்பு எழுதுவதும் அப்படித்தான்.

பணம் கட்டுமுன் பட்டம் வழங்குவது யார் என்று பாருங்கள். வகுப்பு நடக்கும் கட்டடத்தின் பெயர் முக்கியமல்ல, சான்றிதழில் வரும் பெயர்தான் முக்கியம். அந்தப் பெயரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள், வோட் பிளேசில்தான் இருக்கிறது. அடுத்து, நாட்டின் கல்வித் தகைமைகளை மட்டம் மட்டமாக வரிசைப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம் என்று கேளுங்கள். பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி 9, அதற்கு 30 திறமைப் புள்ளிகள். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10, அதற்கு 60. இரண்டையும் மாஸ்டர்ஸ் என்றுதான் சொல்வார்கள். பின்னாளில் விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ போக நினைப்பவர்கள் ஆய்வு இருக்கிறதா என்று கேட்காமல் கையெழுத்து வைக்கக் கூடாது.

ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர்கள் கொழும்பு 7இல் உள்ள இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகத்தையும், ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகத்தையும் முதலில் பார்க்கலாம். அங்கே நடப்பது பெரும்பாலும் பொது முகாமைத்துவம், பொது நிருவாகம். உங்கள் வேலைக்கு அது பொருந்தலாம். ஜப்பானில் முதுமாணி படிக்க அந்நாட்டு அரசு தரும் ஜே.டி.எஸ். புலமைப்பரிசிலும் அரச அதிகாரிகளுக்குத்தான்.

வெளிநாடு என்றால் கால அளவைக் கவனியுங்கள். ஹார்வர்ட் கென்னடி பள்ளியில் பொதுக் கொள்கை முதுமாணி இரண்டு வருடம், ஒக்ஸ்போர்டில் ஒரு வருடம். பிரித்தானியாவின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்த பின் இரண்டு வருடம் நாட்டில் இருக்க வேண்டும். பட்டம் கிடைத்த கையோடு விண்ணப்பிக்க ஓடிவரும் பிள்ளைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் வேலைக்குப் போங்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை அந்த மூன்று அடுப்பை வகுப்பறையில் கண்டுபிடிக்கவில்லை.

அவளுக்கு இன்னும் எட்டு மாதம் போனால் இரண்டு வருட அனுபவம் பூர்த்தியாகும். அதற்குள் ஆங்கிலமும் புள்ளிவிபரமும் படிக்க ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதமும் எழுதினோம். தகப்பன் திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வந்திருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.