மூப்பர்: வயதைச் சொல்லிப் பதவியைக் குறிக்கும் சொல்

தமிழ்நாட்டுச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரரிடம் ‘பிரஸ்பிட்டர்’ என்றால் அவருக்குத் தம் குருவானவர் நினைவுக்கு வருவார். பேராயர் இல்லாமல் மூப்பர் மன்றங்களே நடத்தும் ஸ்காட்லாந்தின் பிரஸ்பிடேரியன் சபையில் ‘எல்டர்’ என்பவரோ கடை நடத்துபவராகவோ பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவராகவோ இருப்பார். சபை வேலைக்குச் சம்பளம் வாங்கமாட்டார். இரண்டு பெயருக்கும் மூலம் ஒரே கிரேக்கச் சொல். ‘எல்டர்’ என்பதைத் தமிழில் எழுதும்போது வரும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

அந்தச் சொல் ‘பிரெஸ்புதெரோஸ்’: ‘இன்னும் மூத்தவர்’ என்ற ஒப்பீட்டுப் பொருள் உடையது. அது லத்தீன் வழியாகப் பழைய ஆங்கிலத்துக்குப் போய்த் தேய்ந்து ‘பிரீஸ்ட்’ ஆயிற்று. மூத்தவரைக் குறித்த சொல், பலிபீடத்தருகே நிற்கும் குருவின் பெயராக மாறிவிட்டது. எபிரேயத்தில் இதற்கு இணை ‘சாக்கேன்’. தாடியைக் குறிக்கும் ‘சாக்கான்’ என்ற சொல்லுக்கு உறவு.

தமிழில் வேதாகமம் மொழிபெயர்த்தவர்களுக்குச் சொல் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ‘மூ’ என்ற வேரிலிருந்து மூத்தல், மூப்பு, மூப்பர். மூப்பு முதுமை மட்டுமன்று, தலைமையும்கூட. கேரளத்தின் அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களில் ஊர்த்தலைவர் இன்றும் ‘ஊருமூப்பன்’தான். ஆகவே ‘எல்டர்’ என்பதற்குப் பெரியவர், முதியவர், மூத்தோர் என்று எழுதுவது பிசகு. அவை வயதோடு நின்றுவிடும். தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், ‘உன் இளமையைக் குறித்து’ யாரும் அசட்டை பண்ணக்கூடாது என்று சொல்லி இரண்டு வசனம் தள்ளி, ‘மூப்பராகிய சங்கத்தார்’ தீமோத்தேயுவின்மேல் கைகளை வைத்தது வருகிறது. அந்தச் சங்கத்துக்குக் கிரேக்கத்தில் ‘பிரெஸ்புதெரியோன்’ என்று பெயர். பிரஸ்பிடேரியன் என்ற பெயரின் வேர் அதுதான்.

அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரமும் பார்க்கத் தக்கது. 17ஆம் வசனத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். 28ஆம் வசனத்தில் அதே ஆட்களைக் ‘கண்காணிகள்’ என்கிறார். (இலங்கைத் தேயிலைத் தோட்டக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் தோட்டக் கங்காணியாக ஒலிக்கும்.) கண்காணி என்பதன் கிரேக்க மூலத்திலிருந்துதான் ‘பிஷப்’ வந்தது. இருவரும் ஒருவரே என்றால் மூப்பருக்கு மேலே பேராயர் எதற்கு என்பதே பிரஸ்பிடேரியன் வாதம்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே முதல் நிருபத்தின் 5ஆம் அதிகாரம் 17ஆம் வசனம் ‘நன்றாய் விசாரணைசெய்கிற மூப்பர்களை’ப் பற்றிப் பேசி, அவர்களுள் ‘விசேஷமாக’ உபதேசத்தில் பிரயாசப்படுகிறவர்களைத் தனியே சுட்டுகிறது. இதிலிருந்து இரு வகை கண்டார்கள்: போதிக்கும் மூப்பர், விசாரிக்கும் மூப்பர். முன்னவர் போதகர், பின்னவரையே பேச்சு வழக்கில் எல்டர் என்கிறார்கள். ‘ஆளும் மூப்பர்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, வேதாகமத்தின் ‘விசாரணை’ பொருத்தம். இன்றைய செவிக்கு அது போலீஸ் விசாரணையாகக் கேட்கும் என்பதுதான் சங்கடம்.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ஜெனீவாவின் சபைச் சீர்திருத்தவாதி கால்வின். 1541இல் ஜெனீவா சபைச் சட்டம் போதகர், வேத ஆசிரியர், மூப்பர், உதவிக்காரர் என நான்கு பணிகளை வகுத்தது. மூப்பர் 12 பேர், நகர மன்றங்களிலிருந்து ஆண்டுதோறும் தேர்வானவர்கள். போதகர்களோடு வாரந்தோறும் வியாழனன்று கூடினார்கள். ஸ்காட்லாந்திலும் சபை விதிகளைச் சொன்ன 1560இன் ஒழுங்குநூல் ஆண்டுக்கொரு தேர்தல்தான் சொன்னது. 1578இன் இரண்டாம் ஒழுங்குநூல் அதை ஆயுட்காலப் பணியாக்கியது. அமெரிக்காவின் பெரிய பிரஸ்பிடேரியன் சபையில் இன்றும் அபிஷேகம் ஆயுளுக்கு, மன்றத்தில் உட்காருவது மட்டும் தவணை முறையில்.

தனி மூப்பருக்கு அதிகாரம் கிடையாது. அது போதகரும் மூப்பர்களும் சேர்ந்த ‘செஷன்’ என்ற மன்றத்துக்கே உரியது. போதகர் அவைத்தலைவர், அவரோ, அவர் இடத்தில் நியமிக்கப்பட்டவரோ இல்லாமல் ஸ்காட்லாந்தில் கூட்டம் கூடினால் அது செல்லாது. நற்கருணை பெறத் தகுதியுள்ளோர் பட்டியலைப் பராமரிப்பது, ஞானஸ்நானத்துக்கு அனுமதி தருவது, ஆளுக்கொரு பகுதி பிரித்துக்கொண்டு வீடுகளைச் சந்திப்பது இவர்கள் வேலை. நற்கருணையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வரிசை வரிசையாக எடுத்துச் செல்வார்கள். ஆசீர்வதிப்பது போதகர் மட்டுமே. பழைய ஸ்காட்லாந்து செஷன் குறிப்பேடுகளில் யார் யாரோடு சண்டை, யார் ஓய்வுநாளில் குடித்தார் என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. வரலாற்று ஆய்வாளர்களுக்குப் புதையல்.

இரண்டு தப்பெண்ணங்கள் அடிக்கடி தகராறில் முடியும். ஒன்று, மூப்பரைத் தொகுதி உறுப்பினர்போல எண்ணுவது. சபையார் தேர்ந்தெடுத்தாலும் அவர்கள் சொன்னபடி கைதூக்க அவர் கடமைப்பட்டவரல்லர். மனச்சாட்சிப்படி வாக்களிக்கவே உறுதி எடுக்கிறார். மற்றது, செஷனைக் கம்பெனி இயக்குநர் குழுவாக்கிப் போதகரை வேலையாளாகப் பார்ப்பது. போதகர் செஷனுக்கு அல்ல, வட்டாரத்திலுள்ள பல சபைகளின் போதகரும் மூப்பரும் கூடும் ‘பிரஸ்பிட்டரி’க்குப் பதில் சொல்பவர். அவரை நீக்க உள்ளூர் மூப்பர்கள் தாங்களாகவே தீர்மானம் போட்டால் அது நிற்காது.

சி.எஸ்.ஐ.க்கு வருவோம். பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபையாரோடு இணைந்தன. புதிய சபை பேராயர், பிரஸ்பிட்டர், டீக்கன் என்ற மூன்று நிலைகளை வைத்துக்கொண்டது. பிரஸ்பிட்டர் என்ற பெயர் அபிஷேகம் பெற்ற குருவுக்குப் போய்விட்டது. எனவே சி.எஸ்.ஐ. பற்றி எழுதும்போது குருவானவர் அல்லது ஆயர். பிரஸ்பிடேரியன் எல்டரை எழுதும்போது மூப்பர். இரண்டையும் கலக்கக்கூடாது.

மிசோரம் பிரஸ்பிடேரியன் சபையில் மூப்பர் ‘உபா’. பெயருக்கு முன்னே அதைச் சேர்த்தே அழைப்பார்கள். கொரியர்கள் ‘சாங்னோ’ என்ற தங்கள் மூப்பர் சொல்லால் சபைக்கே ‘சாங்னோக்யோ’ என்று பெயரிட்டுவிட்டார்கள். அந்த வழியில் பிரஸ்பிடேரியன் சபையை ‘மூப்பராட்சித் திருச்சபை’ எனலாம். செஷனுக்கு ‘சபை மூப்பர் மன்றம்’, பிரஸ்பிட்டரிக்கு ‘வட்டார மூப்பர் மன்றம்’. ‘மூப்பர் சபை’ வேண்டாம். சபை என்றாலே நம் காதில் கோயிலும் அதன் மக்களும்தான்.

‘மாடரேட்டர்’ என்பதிலும் கவனம் வேண்டும். சி.எஸ்.ஐ.யில் அவர் பிரதமப் பேராயர். ஸ்காட்லாந்தில் செஷன் கூட்டத்தை நடத்தும் உள்ளூர்ப் போதகரும் மாடரேட்டர்தான். அந்நாட்டுச் சபையின் உச்ச மன்றமான பொதுப்பேரவையின் மாடரேட்டரோ ஓராண்டு அந்த நாற்காலியில் இருந்துவிட்டு எழுந்துவிடுவார். ஸ்காட்லாந்தின் இந்த இரண்டு இடத்திலும் ‘அவைத்தலைவர்’ போதும்.