நாமே தீட்டிக்கொள்ளும் மென்பொருள்

குன்னூர், கோத்தகிரி வட்டாரத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் சி.டி.சி. இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். உடம்பெல்லாம் நுண்ணிய பற்கள் வெட்டிய இரண்டு எஃகு ரோலர்கள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மெதுவாக, மற்றது பல மடங்கு வேகமாக. நடுவே போகும் வாட்டிய இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழும். ஓட ஓடப் பற்கள் மழுங்கும், தூளின் தரம் இறங்கும். உடனே ரோலரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பிப் பல் தீட்டுவார்கள். இயந்திரத்தைச் செய்து விற்ற கம்பெனியிடம் அதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

தொழிலாளர் பயிற்சிக்கு மென்பொருள் வாங்கும்போது மட்டும், மூடி திறக்க முடியாத பெட்டியை வாங்கிவிடுகிறோம்.

அப்படி வாங்கிய ஓர் இடத்தில் நானும் இருந்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஆள் கணக்கில் சந்தா கட்டும் மென்பொருள். பாடங்களைத் தமிழில் தயாரித்துக் கொடுத்தோம், ஆனால் பொத்தான்கள் எல்லாம் ஆங்கிலம். இலையை உலர்த்தும் ட்ரையர் இயந்திரத்தின் பாதுகாப்புத் தேர்வில் எல்லா விடையையும் சரியாகக் குறித்த ஓர் அக்கா, கடைசிப் பொத்தான் எதற்கென்று புரியாமல் அனுப்பாமலே வெளியே வந்துவிட்டார். மழைக்காலத்தில் மரம் விழும், கரண்ட் போகும், கூடவே டவரும் போகும். பாதித் தேர்வில் தொடர்பு அறுந்தால் மறுபடி முதல் கேள்வி. விற்றவர்களிடம் சொன்னோம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த பதிப்புக்காக ஒரு வருடம் காத்திருந்தோம்.

இந்த வகை மென்பொருளின் உள்வேலையைத் தெரிந்துகொண்டால் எனக்கு ஏன் அவ்வளவு ஆதங்கம் என்பது புரியும். அடியில் இருப்பது ஒரு தரவுத்தளம், அதாவது அட்டவணைகளின் அடுக்கு. யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், என்னென்ன பாடங்கள், யாருக்கு என்ன அதிகாரம், யார் எதை எப்போது முடித்தார் என்று ஒவ்வொன்றுக்கும் அட்டவணை. போனில் விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு வரி எழுதப்படுகிறது. பின்னணியில் ஒரு சிறு நிரல் அடிக்கடி விழித்து வரிகளைப் புரட்டும். மூன்று பாடமும் முடித்தாரா, தேர்ச்சி மதிப்பெண் எடுத்தாரா என்று பார்க்கும். சரி என்றால் முடித்ததாகக் குறிக்கும்.

அப்புறம் திரையில் தெரியும் சொற்கள். அவை பெரும்பாலும் நிரலுக்குள் கலந்து கிடப்பதில்லை. தனியாக ஒரு மொழிக் கோப்பில் இருக்கும். இடப்பக்கம் ஒரு குறிச்சொல், வலப்பக்கம் திரையில் வரவேண்டிய வாசகம். வலப்பக்கத்தை மாற்றினால் பொத்தான் தமிழ் பேசும். அந்த அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வரி மாற்றம். ஆனால் அந்தக் கோப்பு எங்கள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

திறமூல மென்பொருளில், அதாவது யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளில், அந்தக் கோப்பும் மூலநிரலும் நம் கையில். கற்றல் துறையில் இதற்குப் பெயர்பெற்றது மூடுல். அதை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பள்ளிக்கூடம் எட்டாத தூரத்தில் வளர்ந்தவர். வானொலி வழியாகப் பாடம் படித்தவர். பெர்த் நகரில் கர்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிடி என்ற வணிக மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது அதன் குறைகள் அவரை உறுத்தின. தாமே ஒன்றை எழுதத் தொடங்கி, 2002 ஆகஸ்டில் மூடுலின் முதல் பதிப்பை வெளியிட்டார். வெப்சிடியை 2006-இல் போட்டி நிறுவனமான பிளாக்போர்டு வாங்கியது. நாளடைவில் அந்தப் பெயரே மறைந்தது. அதை நம்பிப் பாடம் அடுக்கியவர்கள் வேறு இடம் மாற வேண்டியிருந்தது.

மூடுலுக்கு அந்தக் கதி வராதா? வந்தாலும் நிரல் நம்மிடம் இருக்கும். அது ஜி.பி.எல். என்ற பொது உரிமத்தில் வருகிறது. யாரும் இயக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குத் தரலாம். மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். உங்கள் நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் எதையும் வெளியிட வேண்டியதில்லை. நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் வீணாகப் பயப்படுகின்றன. இதே உரிமத்தின் பலத்தில், நியூசிலாந்தில் மூடுலை அடித்தளமாக வைத்துப் பணியிடப் பயிற்சிக்கென்றே டோட்டாரா என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். யார் யாருக்கு மேலதிகாரி, எந்தச் சான்றிதழ் எப்போது காலாவதியாகிறது என்பதெல்லாம் அதன் அக்கறை.

பணக் கணக்கு எளிது. ஆளுக்கு மாதம் 150 ரூபாய் சந்தா என்று வைத்துக்கொள்வோம். 200 பேருக்கு வருடத்தில் 3,60,000 ரூபாய். கொழுந்து பெருகும் பருவத்தில் இன்னும் 60 பேரைச் சேர்த்தால் தொகை ஏறும். சொந்த சர்வரில் ஓடும் திறமூல மென்பொருளுக்கு ஆள் கணக்கு கிடையாது. சர்வர் வாடகையும் பராமரிப்பவர் சம்பளமும்தான் செலவு. 60 பேர் கூடினாலும் அது பெரிதாக அசையாது.

ஆனால் என்னை இழுத்தது பணம் அல்ல. மலைக்கு ஏற்றபடி அதை வளைக்க முடிகிறது என்பதுதான். மூடுலின் கைப்பேசிச் செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் தேர்வையும் தொடர்பில்லாமலே எழுதலாம். விடைகள் போனிலேயே காத்திருந்து, சிக்னல் வந்ததும் சர்வருக்குப் போய்ச் சேரும். இன்று நீலகிரித் தொழிற்சாலைகளில் தமிழோடு இந்தியும் கேட்கிறது, ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு மொழியிலும் எழுதி வைத்தால், அவரவர் தேர்ந்த மொழியை மட்டும் காட்டும் வடிகட்டி மூடுலில் உண்டு. படகர் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் படுகு மொழியில் பேசவைத்து, அந்த ஒலிப்பதிவைப் பாடத்தோடு சேர்த்தும் விடலாம்.

பாடங்களும் சிறைப்படுவதில்லை. ஸ்கார்ம் என்ற பொதுத் தரத்தில் தயாரித்த பாடம், அந்தத் தரத்தை ஏற்கும் எந்த மென்பொருளிலும் ஓடும். ரோலர் அளவு ஒன்றாக இருந்தால் எந்தப் பட்டறையிலும் தீட்டலாம் என்பது போல. தொழிலாளர்களின் மதிப்பெண்ணும் விவரங்களும் நாம் தேர்ந்த சர்வரிலேயே இருப்பது, தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென 2023-இல் சட்டம் வந்துவிட்ட நாட்டில் சின்ன விஷயம் இல்லை.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைத்துப் பேசுவது தப்பு. மூடுலின் புதிய பதிப்பு வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. பாதுகாப்புத் திருத்தங்களைத் தவறாமல் போட வேண்டும், தினமும் காப்புப் பிரதி எடுக்க வேண்டும். யாரும் தொடாமல் விட்ட சர்வர், பராமரிக்காத பாய்லர் போன்றது. தனியொரு சிறு தொழிற்சாலைக்கு இதற்கென்றே ஒரு ஆளை வைப்பது கஷ்டம். படித்த பிள்ளைகள் கோயம்புத்தூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிவிடுகிறார்கள்.

ஆனால் கூட்டாகச் செய்யும் பழக்கம் இந்த மலைக்குப் புதிதில்லை. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் 1965 முதல் இன்ட்கோசர்வ் என்ற ஒரே கூட்டமைப்பின் கீழ் இயங்குகின்றன. அதுபோல ஒரே சர்வர், அதில் தொழிற்சாலைக்கு ஒரு பிரிவு, எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பராமரிக்க இரண்டு இளைஞர்கள் என்று வைத்தால் செலவு பங்காகிவிடும். மஞ்சூர்த் தொழிற்சாலை தயாரித்த ட்ரையர் பாதுகாப்புப் பாடத்தை ஒரு காப்புக் கோப்பாக எடுத்துக் கட்டபெட்டுத் தொழிற்சாலையின் பிரிவில் ஏற்றி, அங்குள்ள இயந்திரத்தின் படத்தை மட்டும் மாற்றினால் போதும். ஒரு மதிய வேளைக்குள் முடிகிற வேலை அது.