கந்தகம் குறைந்தால் கார்பன் குறைந்துவிடாது

அண்மையில் பட்டர்வொர்த்தில் ஒரு கப்பலின் எரிபொருள் கணக்கைச் சரிபார்க்கப் போனேன். நிறுவனத்தின் பொறுப்பாளர், நம் தமிழ்த் தம்பிதான், கப்பலுக்கு எண்ணெய் நிரப்பியதற்கான பங்கர் ரசீதை நீட்டினார். “கந்தகம் குறைந்த எண்ணெய்தான் அண்ணா போடுகிறோம். வெளியேற்ற விதியில் நமக்குப் பிரச்சினை இல்லை.” கப்பலின் சிஐஐ தரமோ, அதாவது ஓடும் தூரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு விடுகிறது என்று ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை போடும் தரமோ, இரண்டாம் ஆண்டாக ‘டி’. இதே பதிலை இன்னும் எத்தனை அலுவலகங்களில் கேட்பது?

2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகம் 0.50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் 3.50 வரை விட்டார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் மக்களின் நுரையீரலுக்காக வந்த நல்ல விதி அது. பூமியைச் சூடாக்கும் கரியமில வாயுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்க்ரப்பர் என்ற புகை கழுவும் கருவியைப் பூட்டியிருந்தாலும் புகையிலுள்ள கந்தகம்தான் கழுவப்படும். கரியமில வாயு புகைபோக்கி வழியே போய்க்கொண்டேதான் இருக்கும். கணக்கையே பாருங்கள்: ஒரு டன் கனரக எண்ணெய் எரிந்தால் 3.114 டன் கரியமில வாயு, கந்தகம் குறைந்த கப்பல் டீசலுக்கு 3.206. டீசல் டன்னுக்குச் சற்றுக் கூடுதல் சக்தி தரும், உண்மைதான். அதற்காக ரசீதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சிஐஐ பார்ப்பது, ஆண்டு முழுக்க எரித்த எண்ணெயையும் ஓடிய தூரத்தையும். வரம்பு ஆண்டுதோறும் இறுகுகிறது: 2019ஐ ஒப்பிட்டு 2023இல் 5 விழுக்காடு குறைய வேண்டும், 2026இல் 11. ஒன்றும் மாற்றாமல் ஓட்டினால் ‘சி’ கப்பல் தானாகவே ‘டி’க்கு இறங்கும். மூன்று ஆண்டு தொடர்ந்து ‘டி’, அல்லது ஒரே ஆண்டு ‘ஈ’ என்றால் திருத்தத் திட்டம் கட்டாயம்.

“லண்டனில்தான் ஒத்திவைத்துவிட்டார்களே!” என்கிறார்கள். 2025 அக்டோபரில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பு ஓராண்டு தள்ளிவைத்தது, கார்பனுக்கு விலை வைக்கும் புதிய திட்டத்தை மட்டும். சிஐஐ அப்படியே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வாங்கும் கார்பன் கட்டணமும் நிற்கவில்லை. கிள்ளானிலிருந்து நேரே ராட்டர்டாம் போனால் பயண வெளியேற்றத்தில் பாதிக்குக் காசு கட்டவேண்டும்.

கப்பலின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டுங்கள். நங்கூரம் போட்டுக் காத்திருக்கப் போகிறவர்களுக்கு மலாக்கா நீரிணையில் எதற்கு முழு வேகம்? கப்பல் தினமும் அனுப்பும் நண்பகல் அறிக்கையை அன்றன்றே டேங்க் அளவோடு ஒப்பிடுங்கள். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஊகித்து நிரப்புவதை நிறுத்துங்கள். தம்பிமார்களே, ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வாடகை ஒப்பந்தத்தில் வேகத்தை யார் முடிவு செய்வது, கார்பன் கட்டணம் யார் தலையில் விழுவது என்ற பகுதியைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.