பைட்டோபிளாங்க்டன்: மிதப்பதா, அலைவதா?

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் வாயில் 'பைட்டோ' என்று சுருங்கிவிட்ட சொல் இது. 'இன்னைக்கு பைட்டோ ஊத்தியாச்சா?', 'என் பைட்டோ கிராஷ் ஆயிடுச்சு' (வளர்த்தது மொத்தமாகச் செத்துப்போச்சு) என்று பேசிக்கொள்கிறோம். தொட்டியின் சிற்றுயிர்களுக்கு இரையாகப் பாட்டிலில் வளர்க்கும் பச்சைத் தண்ணீர் என்ற அளவுக்குப் புரிந்தாலே பேச்சு ஓடிவிடுகிறது. ஆனால் பைட்டோபிளாங்க்டன் என்ற முழுச் சொல்லில், நாம் வெட்டிப்போடும் பின்பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அதன் பொருளைச் சரியாகப் பிடித்த பிறகுதான் என் பாட்டில்களும் ஒழுங்காகப் பச்சை பிடித்தன.

முன்பாதி எளிது. கிரேக்கத்தில் 'ஃபைட்டோன்' என்றால் செடி. முளைத்தல், வளர்தல் என்ற வினையிலிருந்து வந்தது. பின்பாதி 'பிளாங்க்டோஸ்'. அலைக்கழிக்கப்பட்டது, திக்கில்லாமல் திரிவது என்று பொருள். வழிதவறச் செய்தல், அலையவிடுதல் என்ற வினை அதன் வேர். அந்த வேரில் மிதத்தல் என்ற கருத்தே இல்லை.

கடலுயிர்களுக்கு இந்தப் பெயரை 1887இல் வைத்தவர் விக்டர் ஹென்சன். ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்து உடலியங்கியல் அறிஞர். கடலில் மீன்களுக்கு ஆதாரமான உணவு எவ்வளவு விளைகிறது என்று கணக்கிடப் பார்த்தவர். 1889இல் அதற்காகவே அட்லாண்டிக் பெருங்கடலுக்கு ஒரு கப்பல் பயணத்தையும் நடத்தினார். நீரோட்டத்தை எதிர்த்துப் போகும் வலு இல்லாமல், அது இழுத்த இழுப்புக்குப் போகும் உயிர்கள் அத்தனையையும் அவர் ஒரே சொல்லில் அடக்கினார். இதில் அளவுக்கு இடமில்லை. ஆள் உயரத்துக்கு வளரும் சொறிமீனும் பிளாங்க்டன்தான். 'நுண்ணுயிர்' என்று இதைத் தமிழ்ப்படுத்துகிறவர்கள் பெயரின் உயிரையே விட்டுவிடுகிறார்கள்.

தமிழில் நிலைத்திருப்பது 'தாவர மிதவை உயிரி'. 'தாவர மிதவைவாழி' என்றும் எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்கள் ஒலியை ஒட்டித் 'தாவரப் பிளாந்தன்' என்கின்றன. மிதவை அழகான சொல், மறுக்கவில்லை. தெப்பம், கட்டை என்று நீரின் மேல் தானாக நிற்கும் பொருளுக்கு அது பொருந்தும். நம் பாட்டிலில் இருப்பது அப்படித் தானாக நிற்பதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதன்முதலில் வளர்த்தது டெட்ராசெல்மிஸ். ஏறக்குறைய 10 மைக்ரான் நீளம், நான்கு கசையிழைகள், நீந்தவும் தெரிந்த உயிர். மிதக்கிற உயிருக்குக் காற்றுக்குழாய் எதற்கு என்று நினைத்து, சத்தம் பொறுக்காமல் பம்பை நிறுத்திவிட்டேன். சில நாளில் மேல்தண்ணீர் தெளிந்து, அடியில் பச்சைச் சேறு படிந்து நாற ஆரம்பித்தது. பெரும்பாலான இந்த உயிரணுக்கள் கடல்நீரைவிடச் சற்றே கனமானவை. விட்டால் மெல்ல அடியிறங்கும். கண்ணாடிபோன்ற சிலிக்கா ஓடு போர்த்திய டயாட்டம்கள் இன்னும் விரைவாக இறங்கும். கடலில் காற்றும் ஓட்டமும் மேலடுக்கைக் கலக்கிக்கொண்டே இருப்பதால்தான் அவை வெளிச்சத்தில் நிற்கின்றன. அலைவதுதான் அவற்றின் பிழைப்பு. பாட்டிலில் அந்த வேலையைக் காற்றுக்குமிழி செய்கிறது. கூடவே கரியமில வாயுவைக் கொண்டுசேர்த்து, காரத்தன்மை ஏறாமலும் பார்த்துக்கொள்கிறது. காற்றுக்கல் வேண்டாம், பொடிக்குமிழியில் நுரையும் உப்புத் தெறிப்பும்தான் மிச்சம். வெறும் குழாயின் வாயிலிருந்து பெருங்குமிழி கொப்பளித்தால் போதும்.

இப்படிப் பாட்டிலில் வளர்ப்பதைக் 'கல்ச்சர்' என்று நாம் சொல்வதும் லத்தீனில் உழுது பயிரிடுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. அதனால் இங்கே தமிழ் தடுமாறவே வேண்டியதில்லை. உழவுச் சொற்கள் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வளர்ப்பைத் தொடங்க ஊற்றும் ஸ்டார்ட்டருக்கு விதைநீர் என்கிறேன். நைட்ரேட், பாஸ்பேட், நுண்தாதுக்கள், உயிர்ச்சத்துகள் கலந்த எஃப்/2 கரைசல் உரம். கில்லார்டும் ரைதரும் 1962இல் வெளியிட்ட 'எஃப்' கரைசலைப் பாதி வலுவாக்கியதால் அந்தப் பெயர். சுத்தமான உப்புநீரில் விதைநீரும் உரமும் சேர்த்து, நாளுக்கு 16 மணிநேரம் வெளிச்சம் கொடுத்தால் ஒரு வாரம், பத்து நாளில் அடர்பச்சை பிடிக்கும். பாதியை எடுப்பது அறுவடை. மீதியில் புதுத் தண்ணீரும் உரமும் விட்டால் மறுதாம்பு. அடர்வதற்கு முன் அவசரப்பட்டு அறுத்தால், தின்று தீராத உரமும் சேர்ந்து மீன்தொட்டிக்குள் போய்விடும். களை என்றால் பாசி தின்னும் நுண்ணிய உயிர்களான ரோட்டிஃபரும் சிலியேட்டுகளும்தான். ஒரு துளியில் புகுந்து முழுப் பாட்டிலையும் மேய்ந்துவிடும் என்பதால், ரோட்டிஃபர் வளர்க்கும் தொட்டிக்குப் போட்ட கரண்டியோ குழாயோ பச்சைப் பாட்டில் பக்கமே வரக்கூடாது.

இப்போது 'தாவரம்' என்ற பாதிக்கு வருவோம். டெட்ராசெல்மிஸ் பச்சைப்பாசி, தாவரங்களுக்கு உறவுதான். ஆனால் தொட்டிக்காரர்கள் அதிகம் வளர்க்கும், 2 முதல் 4 மைக்ரான் அளவே உள்ள நானோகுளோரோப்சிஸ் பச்சையாகத் தெரிந்தாலும் உறவுமுறையில் பழுப்புக் கடற்பாசிகளுக்கும் டயாட்டம்களுக்குமே நெருக்கம். கடலில் ஒளிச்சேர்க்கை செய்து அலையும் சயனோபாக்டீரியாக்களோ பாக்டீரியா இனம். இவற்றையெல்லாம் தாவரம் என்பது பெருந்தன்மை. 'பாசி' என்றால் சிக்கல் குறையும். பசுமையின் வேரில் பிறந்த அந்தச் சொல், எந்த வகைப்பாட்டு நூலுக்கும் முன்பிருந்தே நீரில் படரும் இந்தப் பச்சையைக் குறித்து வருகிறது. தொட்டால் விலகி, விட்டால் பரவும் பசலைக்குக் குறுந்தொகையில் பரணர் காட்டிய உவமை ஊருணிக் கேணியின் பாசிதான். சயனோபாக்டீரியாவையும் நீலப்பச்சைப்பாசி என்றுதானே பள்ளியில் படித்தோம்?

ஆகவே என் வாக்கு 'அலைபாசி'க்கு. கிரேக்கம் சொன்ன 'அலைதல்' அதில் பிசகாமல் இருக்கிறது. நாலெழுத்தில் முடிகிறது, 'பைட்டோ ஊத்தியாச்சா' என்கிற இடத்தில் 'அலைபாசி ஊத்தியாச்சா' என்று வாய் எளிதாகச் சொல்லும். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நம்மைச் சுரண்டவைக்கும் பாசி வேறு, கோப்பிபோடு என்னும் சிற்றுயிருக்கும் சிப்பிக்கும் பஞ்சுயிரிக்கும் இரையாக நாம் ஊற்றும் பாசி வேறு என்ற வேறுபாட்டையும் பெயரே சொல்லிவிடுகிறது. பாடநூலும் ஆய்வுக் கட்டுரையும் தாவர மிதவை உயிரி என்றே தொடர்ந்தால் அதோடு சண்டையில்லை. பாட்டிலின் மேல் ஒட்டும் சீட்டில் நான் எழுதுவது அலைபாசி, அதன் கீழே இனப்பெயர், விதைத்த தேதி.

எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அலைந்த, அலைகின்ற, அலையும் பாசி என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை இது. ஊறுகாய்போல, சுடுசோறுபோல நடுவில் வல்லினம் மிகாது. 'ப்' போட்டு 'அலைப்பாசி' என்று எழுதினால் கடலலையின் பாசி என்று பொருள் திரும்பிவிடும்.