57 பெல் ஏரில் கிளியர் கோட்டே கிடையாது

மறுபடியும் ஒரு பெட்டி வந்திருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் கிட்டை ஒட்டிச் செய்த மாடல் கார், 1/25 அளவில் 1957 செவ்ரோலெட் பெல் ஏர். கூடவே ஒரு சீட்டு: "பெயின்ட் மட்டும் கொஞ்சம் சரிபண்ணிக் கொடுங்க சார், மத்ததெல்லாம் பக்கா." எடுத்துப் பார்த்தால் கதவைச் சுற்றியிருக்க வேண்டிய கோடு தூர்ந்துபோயிருக்கிறது. டிக்கி மூடியிலுள்ள வி சின்னத்தின் விளிம்புகள் மழுங்கி மொழுக்கென்று கிடக்கின்றன. மேற்பரப்பு மட்டும் முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கிறது. 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து இறுகும், நிறமில்லாத பளபளப்பு மேல்பூச்சு), அதுவும் கோட் மேல் கோட்.

இதைச் சரிசெய்ய முடியாது. அக்ரிலிக் பெயின்ட் என்றால் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டு எடுக்கலாம். எனாமலை பிரேக் ஆயில் கழற்றிவிடும். 2கே யூரித்தேன் இறுகிய பிறகு அதைக் கரைக்கத் துணியும் எதுவும் முதலில் அடியிலுள்ள ஸ்டைரீன் பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். புது பாடி வாங்குங்கள் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பழைய கிட்டாக இருந்தால் அதுவும் கிடைக்காது.

"கிளியர் கூடக் கூட நிஜக் கார் மாதிரி வரும்" என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் காரணம். இணையத்தில் நீங்கள் பார்த்துச் சேகரித்து வைத்திருக்கும் பெல் ஏர் படங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் ரெஸ்டோர் செய்து கண்காட்சியில் நிறுத்திய கார்கள். அவற்றின் மேல் இருப்பது நவீன பேஸ் கோட்டும் (நிறப்பூச்சு) அதன்மேல் கிளியர் கோட்டும். 1957-ல் தொழிற்சாலையை விட்டு வந்த எந்தச் செவ்ரோலெட்டிலும் கிளியர் கோட் கிடையாது. அடித்த நிறமேதான் மேல்பூச்சு. கிளியர் கோட் முறை அமெரிக்கக் கார் ஆலைகளில் பரவலானது 1980-களில். ஆக, "ஒரிஜினல் மாதிரி வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே ஒரிஜினலில் இல்லாத ஒன்றை நாலு கோட் அடிக்கிறோம்.

இதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் கணக்கையும் போட்டுக் காட்டாமல் விட்டால் அடுத்த பெட்டியும் இதே கோலத்தில்தான் வரும். நிஜக் காரில் பெயின்ட்டின் மொத்தத் தடிமன் ஏறக்குறைய 100 மைக்ரான், அதாவது 0.1 மி.மீ. அதை 25-ஆல் வகுத்தால் 4 மைக்ரான். அவ்வளவு மெல்லிசாக யாராலும் அடிக்க முடியாது, நானும் கேட்கவில்லை. ஆனால் பிரைமர், கலர், மேலே மூன்று நான்கு ஈரக் கோட் 2கே என்று போனால் 150 மைக்ரானைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதை 25-ஆல் பெருக்குங்கள். நிஜக் காரின் மேல் கிட்டத்தட்ட 4 மி.மீ. தடிமனுக்குப் பூசியதற்குச் சமம். சுவருக்குக்கூட யாரும் அப்படிப் பூசுவதில்லை.

கதவு இடுக்கையும் பாருங்கள். நிஜத்தில் 5, 6 மி.மீ. இருக்கும். 1/25-ல் அது 0.2 முதல் 0.24 மி.மீ. இடுக்கின் இரண்டு சுவரிலும் 0.1 மி.மீ. பெயின்ட் ஏறினால் மிச்சம் என்ன? கோடு காணாமல் போனதற்கு கிட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

இந்த 25-ஆல் வகுக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உதவும். நிஜமான ஸ்பார்க் பிளக் வயர் 7 மி.மீ. தடிமன், நமக்கு 0.28 மி.மீ. போதும். கடையில் "டீட்டெயில் வயர்" என்று கிடைப்பதில் பாதிக்கு மேல் இதைவிடத் தடிமன். (வயர் மாட்டுகிறவர்கள் சிலிண்டர்கள் பற்றும் வரிசையையும் பாருங்கள்: செவ்ரோலெட்டின் 283 வி-8 இன்ஜினுக்கு 1-8-4-3-6-5-7-2. சிலிண்டர் எண்கள் ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 3, 5, 7. எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8.) நிஜக் காருக்கான டச் அப் மெட்டாலிக் பெயின்ட்டை மாடலில் அடித்தால் ஜிகினாத் தூள் தூவியது போலிருப்பதும் இதனால்தான். கார் சுருங்கினாலும் பெயின்ட்டிலுள்ள அலுமினியத் துகள் சுருங்காது. அளவு தெரியாமல் வாங்கிய உதிரி பாகமும் அப்படியே. பெல் ஏரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 115 அங்குலம், 1/25-ல் 116.8 மி.மீ., 1/24-ல் 121.7 மி.மீ. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், காலிப்பரை வைத்து அளந்துவிட்டு சேசிஸ் வாங்குங்கள்.

சரி, எப்படி அடிப்பது?

பாடியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். அச்சுக் கோடுகள் முன் ஃபெண்டரின் மேல்விளிம்பிலும் பின் துடுப்புகளிலும் ஓடும். 600 நம்பர் தாளால் எடுங்கள். அடுத்து, பிரைமருக்கு முன்பே, கதவு, பானெட், டிக்கி கோடுகளை ஆழப்படுத்துங்கள். 11-ம் நம்பர் பிளேடின் முதுகுப்பக்கத்தை வைத்து, அழுத்தாமல், ஐந்தாறு தடவை இழுத்தால் போதும். அழுத்தி ஒரே இழுப்பில் முடிக்கப் பார்த்தால் பிளேடு வழுக்கிக் கதவின் நடுவில் கீறும். மேலே அடிக்கிற பெயின்ட் போக மிஞ்சுகிற ஆழத்துக்குத்தான் இந்த வேலை. பலரும் தவிர்ப்பதும் இதைத்தான்.

எழுத்துச் சின்னங்களுக்கு ஒரு வழி உண்டு. பிரைமருக்கு முன் அவற்றின் மேல் மெல்லிய குரோம் ஃபாயிலை ஒட்டி, பல்குச்சியால் நன்றாக அமுக்கி, அளவாக வெட்டிவிடுங்கள். கலர் காய்ந்த பிறகு எழுத்தின் முகட்டை மட்டும் 8000 நம்பர் துணியால் மெதுவாகத் தேய்த்தால் அடியிலுள்ள ஃபாயில் வெளியே தெரியும். சில்வர் பெயின்ட்டைத் தொட்டு எழுதியதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. பெயின்ட் தடிமனாக இருந்தால் இந்த வித்தையும் பலிக்காது, எழுத்தோடு சேர்த்துத் தேய்ந்துவிடும்.

பிரைமர் 1500 ரகம், ஒரு பங்குக்கு லெவலிங் தின்னர் இரண்டு பங்கு, ஏர்பிரஷ்ஷில் 0.3 ஊசி, காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ. இரண்டு மெல்லிய கோட். செவ்ரோலெட்டின் மாட்டடோர் ரெட் என்ற சிவப்பு அடிப்பதென்றால் சாம்பல் பிரைமர் வேண்டாம், மங்கிப்போகும். இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை அடியுங்கள். கிட்டின் பிளாஸ்டிக்கே சிவப்பாக இருந்து அதன்மேல் வெளிர் நிறம் அடிக்கிறீர்கள் என்றால், சாயம் மேலே ஊறிவரும். முதலில் சில்வரில் ஒரு தடுப்புக் கோட் கொடுங்கள். கலர் மூன்று கோட், இடையில் பத்து பதினைந்து நிமிடம். மழைநாளில் லாக்கர் (தின்னர் ஆவியாகிக் காயும் பெயின்ட்) அடிக்காதீர்கள், வெளுத்துப்போகும்.

கிளியர் அவசியமே இல்லை. பளபளப்பான லாக்கர் நிறம் என்றால் ஒரு வாரம் காயவிட்டு நேராக பாலிஷுக்குப் போகலாம். டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) இருந்தாலோ மெட்டாலிக் என்றாலோ மட்டும் சாதாரண லாக்கர் கிளியர்: இரண்டு தூறல், ஒரு ஈரக் கோட், நிறுத்துங்கள். பிறகு 4000, 6000, 8000, 12000 துணிகள், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு. துடுப்பின் முகட்டிலும் ஃபெண்டர் விளிம்பிலும் கை வைக்கவே வேண்டாம், இரண்டு தேய்ப்பில் பிரைமர் தெரியும். காம்பவுண்டைக் கடைசியில் பஞ்சால் போடுங்கள்.

இன்னொன்று. பெல் ஏரின் கிரில் வலையும் முன் ஃபெண்டரிலுள்ள மூன்று சின்னப் பட்டைகளும் பொன்னிறம். வி-8 காரின் வி சின்னமும் அப்படியே. கிட் எல்லாவற்றையும் குரோமாகத் தந்துவிடும். குரோமின் மேல் கிளியர் யெல்லோவில் துளி ஆரஞ்சு கலந்து பூசினால் முடிந்தது. இத்தனை கோட் கிளியருக்குப் பொறுமை இருக்கிறவர்களுக்கு இந்த அரை மணி நேர வேலைக்கு நேரமில்லை.

இனி மூச்சு விஷயம். "மாஸ்க் போட்டுக்கிட்டுத்தான் அடிச்சேன்" என்கிறார்கள். எந்த மாஸ்க்? என்95 துகளைப் பிடிக்கும், தின்னர் ஆவியைப் பிடிக்காது. லாக்கருக்கே ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாட்டிய அரைமுக மாஸ்க்கும், காற்றை ஜன்னலுக்கு வெளியே தள்ளும் ஃபேனும் வேண்டும். வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜைக் காற்றுப்புகாத பையில் போட்டு மூடுங்கள். மேஜைமேல் கிடந்தால் சும்மாவே தீர்ந்துபோகும். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது, ஊதுபத்திகூட வேண்டாம்.

2கே வேறு ஜாதி. அதன் ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கெடுதல் செய்யும் அளவுக்குக் காற்றில் கலந்திருந்தாலும் மூக்குக்குத் தெரியாது, அதனால் "வாசனையே வரலையே" என்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே ஆஸ்துமாவைக் கிளப்பும். சில சமயம் அடித்த நேரத்தில் ஒன்றும் இருக்காது, ராத்திரியில் மூச்சு இறுகும். கார் பெயின்டர்களுக்கு வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் முகமூடியைப் பரிந்துரைப்பது இதற்காகத்தான். படுக்கையறையிலும் பால்கனியிலும் இதை அடிக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வீட்டில் குழந்தையோ வீசிங் உள்ளவர்களோ இருந்தால் அந்த டின் வாசற்படியைக்கூடத் தாண்டக் கூடாது. முழுசாக இறுகாத 2கே-வைத் தேய்ப்பதும் அதே ஆபத்துதான்.

ஏற்கெனவே 2கே அடித்து இறுகிய பாடியைத் தூக்கிப் போட மனமில்லை என்றால், இறுகி ஒரு வாரமாவது ஆன பிறகு, 2000 நம்பர் தாளில் தண்ணீரோடு தேய்த்துத் தடிமனைக் கொஞ்சம் குறைக்கலாம். கதவுக் கோட்டை ஊசிமுனையால் மறுபடி இழுத்துப் பார்க்கலாம். சின்னங்கள் திரும்பி வராது. வாங்கி வைத்த டின்னில் பட்டன் அழுத்தி ஹார்டனரைக் கலக்கவில்லை என்றால், முறையான ஸ்ப்ரே பூத் இருக்கிற கார் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு பம்பர் அடிக்க ஆகும்.